டேங்க் நிறைய தண்ணீர்... ஆனா குழாயில் நூல் மாதிரி வருதா? பழைய வீடுகளில் பிரஷர் குறைவது ஏன்?

ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் 6-வது மைல் நீர்த்தேக்கம் நிறைந்தால் ஊருக்கே நிம்மதி. ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், மகாராஜபுரம் என எந்த ஊராக இருந்தாலும், பழைய வீட்டில் டேங்க் நிரம்பியிருந்தும் ஷவரில் தண்ணி சொட்டுவது உண்டு. பிரஷர் பம்ப் வாங்கும் முன் காரணத்தைக் கண்டுபிடிங்க.

பைப்புக்குள் என்ன நடக்கிறது?

பழைய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஜி.ஐ. பைப். அதன் துத்தநாகப் பூச்சு போனதும் உள்ளே துரு பிடிக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சுண்ணாம்பும் படியும். வெளியே பார்த்தால் அதே அரை இஞ்ச் பைப்தான். ஆனால் உள்விட்டம் பாதியாகிவிட்டால், அதே அளவு தண்ணீர் வர சுமார் 30 மடங்கு அழுத்தம் தேவைப்படும்.

டேங்க் உயரமும் காரணமா?

ஆமாம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் சுமார் 1 பார். மாடி பாத்ரூமுக்கு நேர் மேலே, மொட்டை மாடித் தரையிலேயே டேங்க் இருந்தால், ஷவருக்குக் கிடைப்பது 0.1 முதல் 0.2 பார்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* ஒரே குழாயில் மட்டும் குறைவா? முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவுங்க.
* சுடுதண்ணி மட்டும் குறைவா? கீசர் பக்கத்து வால்வு, பைப்பைப் பாருங்க.
* எல்லாக் குழாயிலும் குறைவா? டேங்க் வால்வு முழுசா திறந்திருக்கா, இறங்கு பைப்பில் அடைப்பா என்று பாருங்க.
* தெருக்குழாய் இணைப்பிலேயே குறைவா? நகராட்சி அல்லது ஊராட்சியில் புகார் கொடுங்க. மத்திய அரசின் 1999-ம் ஆண்டு குடிநீர் வழிகாட்டி நெறியில், இணைப்பில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு 12 மீட்டர், தரைத்தள வீட்டுக்கு 7 மீட்டர் அழுத்தமாவது இருக்க வேண்டும் என்று இருந்தது.

மோட்டார் வைத்து உறிஞ்சலாமா?

கூடாது. தெரு இணைப்பில் நேரடியாக மோட்டார் வைப்பது விதிமீறல், இணைப்பையே துண்டிக்கலாம். பக்கத்து வீட்டுக்குத் தண்ணி போகாது. அதைவிட ஆபத்து, பூமிக்கடியில் பைப் கசியும் இடத்தில் சாக்கடை நீரையும் மோட்டார் சேர்த்து இழுத்துவிடும். குடிப்பது நம்ம வீட்டுக் குழந்தைகளும்தான்.

அப்போ தீர்வு?

துருப்பிடித்த ஜி.ஐ. லைனில் பம்ப் வைத்தால் இற்றுப்போன ஜாயின்ட் பிய்த்துக்கொள்ளலாம். முதலில் பைப்பை மாற்றுங்க. டேங்கிலிருந்து இறங்கும் பைப் குறைந்தது 1 இஞ்ச் இருக்கட்டும், சிபிவிசி துருப்பிடிக்காது. டேங்கை உயர்த்துவதானால் இன்ஜினீயரிடம் கேளுங்க. 1,000 லிட்டர் தண்ணீரின் எடை மட்டுமே 1 டன். பழைய கூரை அதைத் தாங்க வேண்டுமே!