பைக்கடிகாரத்தின் வழித்தோன்றல்

சீகிரியாவிலே ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அமைத்த நீரூற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் பீறிடுகின்றன. நிலத்தடி வழிகளிற் பாயும் நீரின் அழுத்தமே அவற்றை இயக்குவது. நெறி மெய்யாயின் பொறி பழையதாயினும் பயன் குன்றாது. இவ்வுண்மைக்குக் கைக்கடிகாரமும் சான்று பகரும்.

கடிகாரத்தில் முறுக்கிய வில்லின் விசை பற்சக்கரங்கள் வழியே செல்லும். அவ்விசை ஒருங்கே தீர்ந்துவிடாதவாறு, சிறு நெம்பொன்று சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும். நாம் கேட்கும் 'டிக், டிக்' ஒலி அதுவே. இம்முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் அமைத்தவர் இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ். இன்று வில்லால் இயங்கும் கடிகாரங்களுட் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே.

சட்டைப்பையில் ஒரே நிலையில் நிற்கும் கடிகாரத்திற் புவியீர்ப்பு பிழை விளைவித்தலை உணர்ந்தார் பாரிஸ் நகரத்துப் பிரெகே. அலைவுச் சக்கரத்தையும் நெம்பையும் ஒருசேரச் சுழற்றினால், நிலைகள் மாறிமாறிப் பிழைகள் நிகராகும் எனக் கண்டு, 1801இல் காப்புரிமை பெற்றார். அவ்வமைப்பு இன்று கைக்கடிகாரங்களிலும் இடம்பெறுகின்றது.

போர்த்துக்கேய வணிகர் இருவர், பெரிய, பிழையற்ற கைக்கடிகாரம் வேண்டினர். சுவிட்சர்லாந்தின் ஐ. டபிள்யூ. சி. நிறுவனம் 1939இல் பைக்கடிகாரப் பொறியையே அதனுட் பொருத்தி வழங்கியது. 1969இல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தபின் பழைய தொழில் நலிந்தது. ஆயினும் அந்நிறுவனம் 1993இல், தன் 125ஆம் ஆண்டு நிறைவில், அக்கடிகாரத்தைப் பைக்கடிகாரப் பொறியோடு மீண்டும் வெளியிட்டது. பழைய பொறியைப் பேணிவைத்தமையாலன்றோ இது கைகூடிற்று!

மாணவர்களே, பாட்டனாரின் கடிகாரம் நின்றுவிட்டதெனின் அதனை எறியாதீர்கள், திறந்து நோக்குங்கள். புதுமையின் மூலம் ஆங்கே உறங்குகின்றது.