ஒரே மாதா... ரெண்டு மேலிடம்! தூத்துக்குடியில் பெரிய கோவில், சின்ன கோவில் வந்த கதை

தேவிகாபுரம்:

நம்ம ஊரில் பெரியநாயகி அம்மன். பக்கத்து சேத்துப்பட்டில் லூர்து மாதா. ரெண்டு வாசலிலும் போய் கும்பிட்டு வருகிறவர்கள் உண்டு. ஜனங்களுக்கு அதில் தகராறு இல்லை. ஆனால் கோவில் சாவி யார் கையில் என்று கேள்வி வந்தால் கதையே வேறு. தூத்துக்குடியில் அதுதான் நடந்தது.

அங்குள்ள பனிமய மாதா ஆலயம் 1713-ம் ஆண்டு கட்டப்பட்டது. கடலோர பரதவ மக்களுக்கு இவர்தான் தாய். 1806-ல் மாதாவுக்கு தங்கத்தேரும் ஓடியது. திருவிழாவில் முதல் மரியாதை பரதவர்களின் சாதித் தலைவருக்கு.

ராஜாவா, ரோமாபுரியா?

அந்தக் காலத்தில் இந்தியாவில் பிஷப்பை நியமிக்கும் உரிமையை போர்ச்சுக்கல் ராஜாவுக்கு போப் கொடுத்திருந்தார். கோவாவில் இருந்து சாமியார்கள் வந்தார்கள். ஆனால் போர்ச்சுக்கல்லின் செல்வாக்கு சரிந்தது. ரோமாபுரி 1622-ல் தனி சபை அமைத்து, தானே நேரடியாக ஆள் அனுப்ப ஆரம்பித்தது.

1838-ல் போப் 16-ம் கிரகோரி அதிரடி உத்தரவு போட்டார். மயிலாப்பூர், கொச்சி மேற்றிராசனங்களின் அதிகாரம் ரத்து! கோவா தரப்பு அதை ஏற்க மறுத்தது. அதே நேரத்தில் பிரெஞ்சு சேசு சபை சாமியார்கள் மதுரை மிஷனுக்கு வந்து இறங்கினார்கள்.

தூத்துக்குடியில் சாதித் தலைவர் கோவா சாமியார்கள் பக்கம் நின்றார். காரணம் சிம்பிள். அவர்கள் தலைவருக்கான மரியாதையில் கை வைக்கவில்லை. மாதாவும் தேரும் அவர்களிடமே இருந்தது. சேசு சபையினர் விடவில்லை. 1849-ல் திரு இருதய ஆலயத்தை கட்டினார்கள். அது சின்ன கோவில். மாதா கோவில் பெரிய கோவில். இன்றைக்கும் ஊரில் அதே பெயர்தான்.

மாட்டிக்கொண்டது ஜனங்கள்

கோவா சாமியார் வைத்த கல்யாணமும், கேட்ட பாவசங்கீர்த்தனமும் செல்லாது என்றது எதிர் தரப்பு. ஒரே சொந்தத்துக்குள் ரெண்டு கட்சி. ரோமாபுரி பக்கம் போனால் மோட்சம் உறுதி என்கிறார்கள். ஆனால் தாய் இருப்பது பெரிய கோவிலில். சாமானியன் எங்கே போவான்?

எப்படி முடிந்தது?

1886-ல் போப்பும் போர்ச்சுக்கல்லும் ஒப்பந்தம் போட்டு சண்டையை தணித்தார்கள். 1923-ல் தூத்துக்குடி தனி மறைமாவட்டம் ஆனது. பிஷப்பாக வந்தவர் வெள்ளைக்காரர் அல்ல, மண்ணின் மைந்தர் ரோச் ஆண்டகை.

வேளாங்கண்ணியும் 1952 வரை மயிலாப்பூர் மேற்றிராசனத்தில்தான் இருந்தது. 1950-ல் போர்ச்சுக்கல் தன் உரிமையை விட்டுக்கொடுத்தது. 1952 நவம்பர் 13-ல் மெட்ராஸ், மயிலாப்பூர் ரெண்டும் ஒன்றானது. தஞ்சாவூர் தனி மறைமாவட்டமாகி வேளாங்கண்ணி அதில் சேர்ந்தது. நம்ம பக்கத்து வேலூர் மறைமாவட்டம் பிறந்ததும் அதே நாளில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

இப்போது தூத்துக்குடியில் ரெண்டு கோவிலுக்கும் ஒரே பிஷப். சின்ன கோவில்தான் அவருடைய தலைமை ஆலயம். பெரிய கோவிலுக்கு 1982-ல் பசிலிக்கா அந்தஸ்து கிடைத்தது. ஆகஸ்ட் 5-ந்தேதி மாதா திருவிழா. 2023-ல் தங்கத்தேர் ஓடியபோது வடம் பிடித்த கூட்டத்தில் நீ எந்தக் கோவில் என்று கேட்க ஆளில்லை.