வீட்டுக் கழிவுக்கு எந்த அளவுத் தொட்டி?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்பது நம் முன்னோர் மொழி. புதிய வீட்டைக் கட்டுவது மட்டுமன்று, பழைய வீட்டைத் திருத்திக் கட்டுவதும் எளிய செயலன்று. நெடுங்காலம் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, ஊழியர் சேமநிதிப் பணத்தையும் சிறுகச் சிறுகச் சேர்த்ததையும் கொண்டு வீடமைப்புப் பகுதியில் ஒரு வீட்டை வாங்கியவர்கள் நம்மிடையே பலர் உளர். வாங்கிய வீடு பழையதாக இருப்பின் சமையற்கட்டை அகலப்படுத்த வேண்டும். உடைந்த தரையைப் பெயர்க்க வேண்டும். முன்பிருந்தவர் விட்டுச் சென்ற அலமாரிகளையும் மெத்தைகளையும் அகற்ற வேண்டும்.

இவ்வேலைகளைத் தொடங்குமுன் சிமெந்துக்கும் செங்கல்லுக்கும் கொத்தனார் கூலிக்கும் கணக்குப் போடுகின்றோம். ஆனால், இடித்ததை எங்கே கொட்டுவது என்பதற்கு மட்டும் கணக்குப் போட மறந்துவிடுகின்றோம். வேலை தொடங்கிய மறுநாளே வாசலில் கல்லும் மண்ணும் குவிந்த பிறகுதான் தொட்டியைத் தேடி ஓடுகின்றோம். அவசரத்தில் எடுக்கும் தொட்டி பெரும்பாலும் தவறான அளவாகவே அமையும். அதனால் வீணாவது வியர்வை சிந்திச் சேர்த்த பணம். எனவே, தேவைக்கேற்ற தொட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கு விளக்க விரும்புகின்றோம்.

ரோரோ தொட்டி

வீடு திருத்தும் இடங்களில் சாலையோரமாகப் பெரிய இரும்புத் தொட்டி ஒன்று வைக்கப்பட்டிருப்பதை நாம் கண்டிருப்போம். அதனையே 'ரோரோ' தொட்டி என்கின்றனர். லோரியில் பொருத்தப்பட்ட கொக்கி இத்தொட்டியை இழுத்து உருட்டி மேலேற்றும். அவ்வாறே சாய்த்து உருட்டிக் கீழிறக்கும். தொட்டியின் பின்புறம் கதவு உண்டு. கதவைத் திறந்து உள்ளே நடந்து சென்று பொருள்களை அடுக்கலாம்.

இதன் வாடகை சில நூறு வெள்ளி ஆகும். தொட்டியின் அளவு, வைத்திருக்கும் நாட்கள், கொட்டுமிடத்தின் தூரம், கழிவின் வகை, எடை ஆகியவற்றைப் பொறுத்து இத்தொகை மாறும். தேவைக்குச் சிறிய தொட்டியை எடுத்தால் இரண்டாவது தொட்டிக்கும் பணம் கட்ட நேரிடும். தேவைக்குப் பெரியதை எடுத்தால் வெற்றிடத்திற்கு வாடகை கொடுத்தவர்களாவோம்.

இடத்தை அளக்கும் முறை

தொட்டியின் கொள்ளளவை அறிவது கடினமன்று. நீளத்தை அகலத்தாலும், வந்த விடையை உயரத்தாலும் பெருக்க வேண்டும். 12 அடி நீளமும் 6 அடி அகலமும் 4 அடி உயரமும் உடைய தொட்டி 288 கன அடி கொள்ளும். அதே நீள அகலத்தில் உயரம் 6 அடியானால் 432 கன அடி கொள்ளும். தொட்டியின் அளவைக் கேட்கும்போது "பெரியதா, சிறியதா?" என்று கேட்பதால் பயனில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் கேட்டறிதல் வேண்டும்.

கழிவையும் அவ்வாறே அளக்கலாம். ஓர் அலமாரி 4 அடி அகலமும் 2 அடி ஆழமும் 6 அடி உயரமும் இருந்தால் அது 48 கன அடி இடத்தை அடைக்கும். இடிக்கும் சுவரைப் பொறுத்தவரை மற்றொன்றையும் கருத்திற்கொள்ள வேண்டும். நின்ற சுவர் அடைத்த இடத்தைவிட இடிந்த சுவர் அடைக்கும் இடம் மிகுதி. உடைந்த கற்களுக்கிடையே வெற்றிடம் உண்டாவதே இதற்குக் காரணம். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எனக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எடையை மறவற்க

இடத்தை மட்டும் கணக்கிட்டுத் தொட்டியை எடுப்பவர்கள் ஏமாற்றம் அடைவதுண்டு. தோட்டத்தில் ஒரே அளவான இரு வாளிகளில் ஒன்றில் பாலையும் மற்றொன்றில் காய்ந்த இலைகளையும் நிரப்பினால் இரண்டும் ஒரே சுமையாகுமா? தொட்டியின் கதையும் அதுவே.

உடைந்த செங்கல்லும் சிமெந்தும் ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 35 கிலோ எடையுள்ளவை. மழையில் நனைந்தால் எடை மேலும் கூடும். பழைய நாற்காலி, அலமாரி, மெத்தை முதலியவையோ ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 5 கிலோதான். 288 கன அடித் தொட்டியை மரச்சாமான்களால் நிரப்பினால் எடை ஒன்றரை டன் அளவில் நிற்கும். அதே தொட்டியை இடிந்த சுவரால் நிரப்பினால் 10 டன்னைத் தொடும். 432 கன அடித் தொட்டியைக் கல்லால் நிரப்பினால் 15 டன் ஆகும்!

ஒவ்வொரு லோரிக்கும் சட்டப்படி ஏற்றத்தக்க எடைக்கு ஒரு வரம்பு உண்டு. அதனை மீறிய தொட்டியை ஓட்டுநர் ஏற்ற மறுப்பார். அல்லது பாதியை இறக்கச் சொல்வார். கூடுதல் எடைக்குக் கூடுதல் கட்டணமும் விதிக்கப்படலாம். ஆகவே, கனமான கழிவுக்குச் சிறிய தொட்டி, இலேசான கழிவுக்குப் பெரிய தொட்டி என்பதே நாம் மனத்தில் இருத்த வேண்டிய விதி. தொட்டியை எடுக்குமுன், "இதில் எத்தனை டன் வரை ஏற்றலாம்? அதற்கு மேற்பட்டால் என்ன கட்டணம்?" என்று கேட்பது நம் கடமை.

ஒரு வீட்டின் கணக்கு

இனி, ஒரு சிறிய வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சமையற்கட்டில் 10 அடி நீளமும் 9 அடி உயரமும் உள்ள ஒரு செங்கற்சுவரை இடிக்க வேண்டும். பூச்சுடன் சேர்த்துச் சுவரின் கனம் ஐந்தரை அங்குலம். நின்ற நிலையில் அது 41 கன அடி. இடித்தபின் ஏறக்குறைய 60 கன அடி. எடை 2 டன்னுக்கு மேல். அடுத்து, 100 சதுர அடித் தரையின் ஓடுகளை அடிச்சாந்துடன் 2 அங்குலக் கனத்திற்குப் பெயர்த்தால், 25 கன அடியும் ஏறக்குறைய 900 கிலோவும் ஆகும். இவ்விரண்டும் சேர்ந்து 85 கன அடி, 3 டன்.

இவற்றுடன் முன்சொன்ன அளவுடைய 2 அலமாரிகள் 96 கன அடி, 2 மெத்தைகள் 30 கன அடி, ஒரு சோபாத் தொகுதி 108 கன அடி. எல்லாம் சேர்ந்து 319 கன அடி. 288 கன அடித் தொட்டியில் இது கொள்ளாது. 'பெரிய தொட்டியையே எடுப்போம்' என்றுதான் தோன்றும்.

சற்றுப் பொறுங்கள்! அலமாரிகளை ஆணி கழற்றிப் பலகை பலகையாகப் பிரித்தால் அவை மூன்றில் ஒரு பங்கு இடத்தில் அடங்கும். 96 கன அடி 32 கன அடியாகச் சுருங்கும். மொத்தம் 255 கன அடி. எடை 4 டன் அளவில் இருக்கும். இப்போது சிறிய தொட்டியே போதும். பத்தில் ஒரு பங்கு இடமும் எஞ்சும். ஒரு சுத்தியலும் ஒரு மாலைப்பொழுது உழைப்பும் பெரிய தொட்டியின் செலவை மிச்சப்படுத்திவிட்டன.

தொட்டிக்கு முன் தரம் பிரித்தல்

இன்னும் மிச்சப்படுத்த வழி உண்டு. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்கள் இச்சட்டத்திற்கு உட்பட்டவை. இவ்விடங்களில் 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே கழிவைத் தரம் பிரிப்பது கட்டாயம். வாரத்தில் 2 நாட்கள் சாதாரணக் குப்பையும், ஒரு நாள் மறுபயனீட்டுப் பொருள்களும் பருமனான வீட்டுச் சாமான்களும் எடுக்கப்படுகின்றன. மற்ற மாநிலங்களில் இப்பொறுப்பு ஊராட்சி மன்றங்களைச் சார்ந்தது. அங்குள்ளோர் தத்தம் மன்றத்தில் விசாரித்தறியலாம்.

மேற்கண்ட வீட்டின் சோபாவையும் மெத்தைகளையும் அலமாரிப் பலகைகளையும் அந்த நாளில் வாசலில் வைத்துவிட்டால், எஞ்சுவது 85 கன அடிக் கல்லும் சிமெந்தும்தான். அதற்கு ரோரோ தொட்டியே வேண்டியதில்லை. 3 டன் ஏற்றத்தக்க ஒரு லோரி நடை போதும். இரும்பு, செம்புக் கம்பி, அலுமினியம் ஆகியவற்றைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் விற்றால் கையில் காசும் சேரும். ஆனால், இடித்த கல்லையும் மண்ணையும் வாராந்தரக் குப்பை லோரி ஏற்றாது என்பதை மறந்துவிடலாகாது. வீட்டுக்கு வீடு வழங்கப்படும் 120 லிட்டர் குப்பைத் தொட்டி 4 கன அடியே கொள்ளும். அதில் சிறிது சிறிதாகக் கல்லைப் போட முயன்றால் சக்கரம் உடைவதே மிச்சம்.

மலிவு லோரியின் மறுபக்கம்

சிலர் பாதி விலைக்குக் கழிவை அள்ளிச் செல்வதாக வருவர். அக்கழிவு எங்கே போகின்றது என்று நாம் கேட்பதில்லை. அனுமதிபெற்ற இடத்திற்குச் செல்லாத லோரி, ஆற்றங்கரையையும் தோட்டத்து எல்லையையும் நாடிச் செல்லும். நம் உறவினர் இன்றும் பால்வெட்டச் செல்லும் பாதையோரத்திலேயே நம் வீட்டுக் கழிவு கொட்டப்படலாம். உடைந்த சிங்க்கிலும் கழிப்பறைக் கோப்பையிலும் மழைநீர் தேங்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாட்களே போதும். நாம் மிச்சப்படுத்திய பணம் மற்றொருவர் வீட்டுப் பிள்ளைக்கு டிங்கிக் காய்ச்சலாக முடியலாம். எனவே, உரிமம் உடையவரிடமே தொட்டியை எடுத்து, இரசீதையும் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும். கழிவைத் திறந்தவெளியில் எரிப்பதும் சட்டப்படி குற்றமாகும்.

தொட்டியில் போடத்தகாதவை

பழைய வீடுகளின் நெளிகூரையிலும் உட்கூரைத் தகட்டிலும் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அதனை உடைத்தாலும் அறுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கும். அதன் தீமை 20, 30 ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும். ஐயமுள்ள கூரையை நாமே உடைக்கலாகாது. அதற்கென அனுமதி பெற்றோரை அழைக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் அஸ்பெஸ்டாஸ் கழிவும் வாகனங்களின் ஈய பேட்டரியும் இடம்பெற்றுள்ளன. பூச்சிமருந்து, களைக்கொல்லி, சாயம், நீண்ட மின்விளக்குக் குழல் ஆகியவற்றையும் தனியே வைத்தல் வேண்டும்.

மற்றொன்றும் கூறவேண்டும். தோட்டத்து வீட்டிலிருந்து வந்த பழைய தகரப் பெட்டியைத் திறந்து பாராமல் தொட்டியில் எறியலாகாது. தாத்தா, பாட்டியின் பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, திருமணப் பதிவு, சேமநிதி ஏடு முதலியவை அதன் அடியில் கிடக்கலாம். குடியுரிமைக்கும் ஓய்வூதிய உரிமைக்கும் பேரப்பிள்ளையின் பதிவுக்கும் அவையே சான்றாக அமையும். லோரி புறப்பட்டுவிட்டால் அப்பெட்டி திரும்பி வாராது.

தொட்டியை வைக்கும் இடம்

பொதுச் சாலையிலோ வடிகாலின் மீதோ தொட்டியை வைக்க ஊராட்சி மன்றத்தின் அனுமதி தேவைப்படலாம். சுவரை இடிக்கும் வேலைக்கும் அனுமதி பெற்றாக வேண்டும். தோட்டத்து லயத்தில் குடியிருப்போர் நிர்வாகத்தின் இசைவின்றி எதனையும் இடிக்கலாகாது. தொட்டியை ஏற்றி இறக்க லோரிக்கு நேரான இடமும், மேலே கம்பியோ கிளையோ இல்லாத வெளியும் வேண்டும். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நன்று.

கனமானவற்றை அடியிலும் இலேசானவற்றை மேலும் பரப்பி அடுக்க வேண்டும். விளிம்புக்கு மேல் நிரப்பினால் சாலையில் கல் சிதறி விபத்து நேரும். இரவில் தார்ப்பாயால் மூடினால் மழைநீர் தேங்காது; கல் நனைந்து எடையும் கூடாது; அயலார் குப்பையும் சேராது. சிறுவர்களை அதன் அருகே விளையாட விடலாகாது.

எனவே, முதலில் தரம் பிரிப்போம். அடுத்து இடத்தையும் எடையையும் அளப்போம். அதன் பின்னரே தொட்டிக்குச் சொல்லி அனுப்புவோம். ஓர் அளவு நாடாவும் ஒரு துண்டுத் தாளும் போதும். உழைத்துச் சேர்த்த வெள்ளி குப்பையோடு போகாமல், புதிய வீட்டின் சுவராகவும் தரையாகவும் நிலைத்து நிற்கட்டும்.