வீட்டுக்குள் வளரும் குருவிக்குஞ்சு

குளிர் முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் நேரம். தில்லி, பாட்னா, லக்னோ போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் இப்படி நடக்கும். வீட்டு அம்மா காலையில் தரையைப் பெருக்கி விட்டுப் போவார். சற்று நேரத்தில் மறுபடியும் தரையில் வைக்கோல் கிடக்கும். நிமிர்ந்து பார்த்தால், சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னால் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டிக்கொண்டிருக்கும். அந்த ஊர்களில் இதைக் கௌரையா என்பார்கள்.

தொண்டையில் கறுப்புத் திட்டு இருந்தால் அது ஆண் குருவி. பெண் குருவி வெளிர் பழுப்பாக இருக்கும். வைக்கோல், பஞ்சு, நூல், இறகு என்று கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து கூடு கட்டும். குப்பை விழுகிறதே என்று சிலர் கூட்டைக் கலைத்து விடுவார்கள். கொஞ்சம் பொறுத்தால், ஒரு பறவை வளர்வதைக் காசு செலவில்லாமல் வீட்டிலேயே பார்க்கலாம்.

பெண் குருவி நாளுக்கு ஒன்றாக மூன்று முதல் ஐந்து முட்டை இடும். சுமார் 12 நாள் அடைகாத்த பிறகு குஞ்சு வெளிவரும்.

அதைப் பார்த்தால் குருவி என்றே தோன்றாது. உடம்பில் இறகு இருக்காது. கண் மூடியிருக்கும். வாய் மட்டும் பெரிதாக இருக்கும். வாயின் ஓரம் மஞ்சளாக இருக்கும். தாய் வந்தது தெரிந்ததும் குஞ்சு வாயை அகலத் திறக்கும். இருட்டுக் கூட்டுக்குள் இரையை எங்கே போடுவது என்று தாய்க்குக் காட்டுவது அந்த மஞ்சள் நிறம்தான்.

நான்கைந்து நாளில் கண் திறக்கும். தோலில் முள் முள்ளாகக் குருத்துகள் தெரியும். அவை இறகின் உறைகள். ஒரு வாரம் கழிந்தால் உறை உடைந்து இறகு விரியும். சுமார் 15 நாளில் குஞ்சு கூட்டை விட்டுப் பறந்துவிடும். நம் குழந்தைக்குத் தலை நிற்கவே மூன்று மாதம் ஆகிறது!

இவ்வளவு வேகமாக எப்படி வளர்கிறது? உணவுதான் காரணம். பெரிய குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கு அது போதாது. சதையும் இறகும் வளரப் புரதச்சத்து வேண்டும். அது புழு பூச்சியில் இருக்கிறது. தாயும் தந்தையும் ஒரு நாளில் நூறு தடவைக்கு மேல் இரை கொண்டுவரும். பூச்சிமருந்து அடித்த இடத்தில் புழு கிடைக்காது. குஞ்சு பட்டினி கிடக்கும். நகரங்களில் குருவி குறைந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். 2012-இல் தில்லி அரசு சிட்டுக்குருவியைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது.

கூடு நாறிப் போகாதா? போகாது. குஞ்சின் எச்சம் மெல்லிய வெள்ளைப் பைக்குள் இருக்கும். தாயும் தந்தையும் அதை அலகால் கவ்விக்கொண்டு போய் வெளியே போட்டுவிடும்.

குஞ்சு கூட்டிலிருந்து கீழே விழுந்தால் என்ன செய்வது? மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. இறகு முளைக்காத குஞ்சு என்றால், மெதுவாக எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிட வேண்டும். கூடு சிதைந்திருந்தால் ஒரு சிறு கூடையில் வைக்கோல் போட்டு, அதே இடத்தில் கட்டிவிடலாம். குஞ்சின் குரலைக் கேட்டுத் தாய் வரும். பால் கொடுக்கக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. தண்ணீர் மூச்சுக்குழாயில் போனால் குஞ்சு செத்துவிடும்.

இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு வேறு. அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனைக்கு எட்டாத உயரத்தில் அதை வைத்தால் போதும்.

பூனையைப் போலவே மின்விசிறியும் ஆபத்தானது. அதில் அடிபட்டுச் சாகும் குருவிகள் உண்டு. கூடு இருக்கும் அறையில், குஞ்சு பறக்கும் வரை பகலில் மேசை விசிறி வைத்துக்கொள்ளலாம். வராந்தாவில் நிழலான இடத்தில் ஒரு மரப்பெட்டியை உயரமாக மாட்டுவது இன்னும் நல்லது. அதில் நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துளை போட்டால் குருவி உள்ளே போகும், காகம் நுழையாது.

பறந்துபோன குஞ்சுக்குத் தானாக இரை தேடத் தெரியாது. இன்னும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ பெற்றோர் பின்னால் போய் இறக்கையைப் படபடவென்று அடித்து இரை கேட்கும். பெரும்பாலும் தந்தைதான் ஊட்டும். தாய் அதற்குள் அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும். ஒரே ஆண்டில் இரண்டு மூன்று முறை குஞ்சு பொரிக்கும். அதனால் குஞ்சு பறந்த மறுநாளே கூட்டைப் பிடுங்கி எறிய வேண்டாம். பழைய வைக்கோலின் மேல் நாலு புது வைக்கோல் வைத்து, அதிலேயே மறுபடி முட்டை இடும்.