‘நான்பிளஸ்டு’: திகைச்சு நிக்கிறதா, கூலா இருக்கிறதா?

அடுத்து என்ன சொல்வது, என்ன செய்வது என்றே தெரியாமல் திகைத்து நிற்பதுதான் ‘நான்பிளஸ்டு’. லத்தீனில் ‘நான் பிளஸ்’ என்றால் ‘இதற்கு மேல் இல்லை’ என்று பொருள். பேச்சோ செயலோ முட்டுச்சந்தில் நிற்கும் நிலையைக் குறிக்க, 16-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

சிக்கல் அமெரிக்காவில்தான். ‘நான்’ என்ற முன்னொட்டு மறுப்பைக் குறிக்கும் என்பதால், ‘அசராதவர்’ என்ற நேரெதிர் அர்த்தத்திலும் அங்கே பலர் பயன்படுத்துகிறார்கள். அகராதிகளிலும் அது ஏறிவிட்டது.

‘டெட்லைன் முன்னாடி வந்ததில் டீம் நான்பிளஸ்டு’ என்று அமெரிக்க கிளையன்ட்டுக்கு மெயில் போட்டால்? ‘திணறுறாங்க’ என்று நீங்கள் எழுதியதை, ‘அசால்ட்டா முடிச்சுடுவாங்க’ என்று அவர் படிக்கலாம். ஆபீஸ் மெயிலுக்கு ‘கன்ஃப்யூஸ்டு’ போதும்.