புதிய கம்பனிக்குப் பெயர் வைக்கும்போது...

பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைப்பதென்றால் மூத்தவர்களிடம் கேட்கிறோம், பொருள் பார்க்கிறோம். ஆனால் பல இலட்சம் ரூபா முதலீடு செய்து ஆரம்பிக்கும் கம்பனிக்கான பெயரை, பெயர்ப்பலகை எழுதுபவர் காத்திருக்கிறார் என்பதற்காக ஒரே மாலையில் முடிவு செய்துவிடுகிறோம். அந்த அவசரத்தின் விலை உடனே தெரியாது. இரண்டு மூன்று வருடங்கள் உழைத்து வாடிக்கையாளர்களைச் சேர்த்த பின்னர், இன்னொருவரின் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வரும்போதுதான் தெரியவரும்.

இன்று நம் இளைஞர்கள் பலர் மென்பொருள், இணையவழி விற்பனை, வீட்டுக்கு உணவு விநியோகம் எனப் புதிய தொழில் முயற்சிகளில் இறங்குகின்றனர். பெயர் விடயத்தில் அவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

மூன்று பதிவுகள், மூன்று வேலைகள்

நம்மவர்களிடையே பரவலாக உள்ள தவறான எண்ணம் ஒன்று உண்டு. "பெயரைப் பதிந்துவிட்டேன், இனி அது என்னுடையது" என்பதே அது. எங்கே, எதைப் பதிந்தீர்கள் என்பதுதான் கேள்வி.

முதலாவது, வியாபாரப் பெயர்ப் பதிவு. தனிநபராகவோ பங்குடைமையாகவோ சொந்தப் பெயரல்லாத ஒரு பெயரில் வியாபாரம் செய்வோர் இதைச் செய்கின்றனர். மாகாண சபைகளின் நியதிச்சட்டங்களின் கீழ், பெரும்பாலும் பிரதேச செயலகங்கள் ஊடாக இது நடைபெறுகிறது. இந்தப் பெயரின் பின்னால் இருப்பவர் யார் என்பதைப் பதிவேட்டில் காட்டுவதே இதன் நோக்கம். பெயரின் முழு உரிமையை இது உங்களுக்குத் தருவதில்லை.

இரண்டாவது, கம்பனிப் பதிவு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் இது செய்யப்படுகிறது. ஏற்கனவே பதியப்பட்ட ஒரு கம்பனியின் பெயரையே மீண்டும் பதிய முடியாது. மக்களைத் தவறாக வழிநடத்தக்கூடியது எனப் பதிவாளர் கருதும் பெயரும் மறுக்கப்படும். தனியார் கம்பனியாயின் பெயரின் இறுதியில் "பிரைவேட் லிமிட்டட்" என்பது வர வேண்டும். திணைக்களத்தின் இணையத்தளத்தில் உங்கள் பெயர் முன்னரே பதியப்பட்டுள்ளதா என வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம்.

மூன்றாவது, வர்த்தகக் குறிப் பதிவு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பொருளிலோ சேவையிலோ அந்தப் பெயரை இன்னொருவர் பயன்படுத்துவதைத் தடுக்கும் பலமான ஆயுதம் இதுவே. பதிவு 10 வருடங்களுக்குச் செல்லுபடியாகும். பின்னர் புதுப்பித்துக்கொண்டே போகலாம். சர்வதேச வகைப்படுத்தலின்படி பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உணவுக்காகப் பதிந்த குறி, ஆடைக்கும் தானாகவே பொருந்திவிடாது.

ஒன்றில் பதிந்தது மற்றொன்றில் பதிந்ததாக ஆகாது. கம்பனிப் பதிவேட்டில் பெயர் கிடைத்துவிட்டது என்பதற்காக, அதே பெயர் வர்த்தகக் குறியாக வேறொருவரிடம் இல்லை என்று கருதிவிடக் கூடாது. மறுபுறம், வர்த்தகப் பெயர்களுக்குப் பதிவு இல்லாமலும் ஓரளவு பாதுகாப்பை நமது சட்டம் தருகிறது. ஆனால் அந்தப் பெயரை நீங்கள்தான் முதலில் பயன்படுத்தினீர்கள் என்பதை நிரூபிக்க வேண்டும். எனவே பழைய விலைப்பட்டியல்களையும் விளம்பரங்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.

தவிர்க்க வேண்டிய சொற்கள்

"ஜனாதிபதி", "மாநகர", "கூட்டுறவு" போன்ற சொற்களையும், அரசாங்கத்துடன் தொடர்பிருப்பதாகக் காட்டும் சொற்களையும் விசேட அனுமதியின்றிக் கம்பனிப் பெயரில் சேர்க்க முடியாது. "வங்கி" என்ற சொல்லுக்கும், நிதிக் கம்பனி என்று பொருள்படும் சொற்களுக்கும் மத்திய வங்கியின் சட்டக் கட்டுப்பாடுகள் உள்ளன. வட்டியில்லாக் கொடுக்கல் வாங்கலுக்குச் செயலி செய்கிறோம் என்று இந்தச் சொற்களைப் பெயரில் போட நினைப்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

செய்யும் தொழிலை அப்படியே விவரிக்கும் பெயரும் பலவீனமானது. "தரமான அரிசி" என்ற பெயரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாடச் சட்டம் எளிதில் இடம்கொடாது. அரிசி விற்கும் அனைவருக்கும் அந்தச் சொற்கள் தேவை.

தொழில் மாறினால்?

ஜப்பானின் சோனி கம்பனி 1946இல் ஆரம்பிக்கப்பட்டபோது அதன் பெயர் டோக்கியோ சுஷின் கோக்யோ. அமெரிக்கர்களால் அதை உச்சரிக்க முடியவில்லை. 1958இல் சோனி எனப் பெயர் மாற்ற முனைந்தபோது அவர்களுடைய வங்கி தயங்கியது. "சோனி எலக்ட்ரோனிக்" என்பது போன்ற பெயரையாவது வையுங்கள் என்றது. கம்பனியை நிறுவியவர்களில் ஒருவரான அக்கியோ மொரிட்டா மறுத்துவிட்டார். ஒரு தொழிலோடு பெயரைக் கட்டிப்போட அவர் விரும்பவில்லை. பின்னாளில் அதே பெயரில் திரைப்படமும் இசையும் வெளிவந்தன. ஆப்பிள் கம்பனியோ 2007இல்தான் தன் பெயரிலிருந்து "கம்ப்யூட்டர்" என்பதை நீக்கியது.

அதே ஆப்பிள் இன்னொரு பாடத்தையும் தருகிறது. பீட்டில்ஸ் பாடகர் குழுவின் கம்பனிக்கும் ஆப்பிள் என்றே பெயர். இசைத்துறைக்குள் வருவதில்லை என்ற உடன்பாட்டுடன் 1981இல் பிணக்குத் தீர்ந்தது. கணினியில் இசை வந்ததும் வழக்கு மீண்டும் முளைத்தது. 2007இல்தான் அது முற்றாக முடிவுக்கு வந்தது. இன்று வேறு துறையில் இருப்பவர் நாளை நம் துறைக்கு வரலாம். நாமும் அவர் துறைக்குப் போகலாம்.

மூன்று மொழிகளிலும் சொல்லிப் பாருங்கள்

இலங்கையில் வியாபாரம் செய்பவரின் பெயர்ப்பலகை மூன்று மொழிகளில் இருக்கும். சிங்களத்தில் "வட்டிய" என்றால் கூடை. "வட்டி" என்றால் கூடைகள். மரக்கறி விநியோகத்துக்குப் பொருத்தமான பெயர் என்று ஒருவர் அதை வைத்தால், நம் மக்கள் அதை எப்படி வாசிப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? சோனி என்பதிலும் முதலில் நினைத்தது "சன்னி" என்ற ஆங்கிலச் சொல்லைத்தான். ஜப்பானிய உச்சரிப்பில் அதன் முதற்பகுதி நட்டம் என்று பொருள்படுவதால் ஓர் எழுத்தைக் குறைத்தார்கள்.

நம்மவர்கள் விரும்பும் அறபுப் பெயர்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. "பரக்கத்" என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். தொலைபேசியில் பெயரைக் கேட்ட வாடிக்கையாளர் இணையத்தில் தேடும்போது வேறு எழுத்துக்களைத் தட்டினால் போட்டியாளரின் கடைக்குப் போய்விடுவார். அத்துடன் அப்பெயரில் பத்துக் கடைகள் ஏற்கனவே இருக்கும். புனிதமான பெயர்களைத் தூக்கி வீசப்படும் பைகளிலும் பொதிகளிலும் அச்சிடுவது பற்றியும் யோசிக்க வேண்டும்.

கம்பனியின் பெயரும் சந்தையில் வழங்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டுமென்ற அவசியமில்லை. நம் நாட்டில் 2015இல் சேவையை ஆரம்பித்த "பிக்மீ"யை அறியாதவர் இல்லை. அதை நடத்தும் கம்பனியின் பெயர் டிஜிட்டல் மொபிலிட்டி சொல்யூஷன்ஸ் லங்கா என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர் யாருக்குச் சொந்தம்?

இதுவே மிக முக்கியமானது. சகோதரர்கள் இருவரோ நண்பர்கள் மூவரோ சேர்ந்து ஆரம்பிக்கும்போது, பிரிந்தால் பெயர் யாருக்கு என்று கேட்பதற்கு வெட்கப்படுகிறோம். பிரியும் நாளில் அதே கேள்வி குடும்பங்களையே பிரித்துவிடுகிறது. வர்த்தகக் குறி, இணைய முகவரி, முகநூல் பக்கம் ஆகியவை கம்பனியின் பெயரிலேயே இருக்கட்டும். அதை ஆரம்ப ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தளம் செய்து தந்த தம்பியின் சொந்தப் பெயரில் முகவரி பதியப்பட்டிருந்தால், அவர் வெளிநாடு போன பின்னர் புதுப்பிக்கவும் முடியாது, மீட்கவும் முடியாது.

மாற்றியே ஆகவேண்டிய நிலை வந்தால்?

கம்பனியின் பெயரைச் சட்டப்படி மாற்றலாம். பதிவாளரின் முன் அனுமதியும், 75 வீத வாக்குகளுடனான விசேட தீர்மானமும் தேவை. மாற்றத்தைப் பகிரங்கமாக அறிவிக்கவும் வேண்டும். கம்பனியின் பழைய கடன்களும் ஒப்பந்தங்களும் அப்படியே தொடரும். ஆனால் வங்கிக் கணக்கு, வரி இலக்கம், ஊழியர் சேமலாப நிதிப் பதிவு, அனுமதிப்பத்திரங்கள், பெயர்ப்பலகை, பொதி உறைகள் என ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். வாடிக்கையாளர் மனதில் பழைய பெயர் இன்னும் நெடுநாள் இருக்கும்.

ஆகவே ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் ஐந்தாறு பெயர்களைத் தெரிவு செய்யுங்கள். கம்பனிப் பதிவேடு, வர்த்தகக் குறிப் பதிவேடு, இணைய முகவரி ஆகிய மூன்றிலும் தேடுங்கள். சிங்கள நண்பர் ஒருவரிடமும் உங்கள் உம்மாவிடமும் சொல்லிக் காட்டுங்கள். ஒருமுறை கேட்டதும் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள். இவையெல்லாம் முடிந்த பின்னர் பெயர்ப்பலகைக்கு முற்பணம் கொடுக்கலாம்.