நெல்லிச்சாற்றில் ஸி வைட்டமினை அளந்தறியும் முறை

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளில் காலையில் உலாவச் செல்வோர் நெல்லிச்சாற்றை விரும்பி வாங்குகின்றனர். இதற்கெனக் காய் அனுப்பும் தோட்டக்காரர்கள், சாற்றிலுள்ள ஸி வைட்டமின் எங்ஙனம் கணக்கிடப்படுகிறது என்பதை அறிந்திருத்தல் நலம். விலை பேசும்போது எடுத்துக் காட்டப்படும் எண்கள் யாவும் ஒரே முறையில் கண்டவை அல்ல.

சாற்றை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலுடன் கலந்து குடுவையில் வைத்து, இண்டோபீனால் என்னும் நீலச்சாயத்தைப் பியூரெட் என்னும் அளவுக்குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விடவேண்டும். வைட்டமின் உள்ளவரையில் சாயம் நிறமிழக்கும். அது தீர்ந்ததும் இளஞ்சிவப்பு நிறம் தோன்றிப் பதினைந்து விநாடியேனும் மாறாது நிற்கும். அத்துடன் நிறுத்திச் செலவான சாயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாயத்தின் வலிமையை, எடை தெரிந்த சுத்த வைட்டமினைக் கொண்டு அன்றைக்கன்று சோதித்தல் அவசியம். 1 மில்லிலிட்டர் சாயம் 0.1 மில்லிகிராம் வைட்டமினுக்கு ஈடென்றும், 5 மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாற்றுக்கு 30 மில்லிலிட்டர் சாயம் செலவாயிற்றென்றும் வைத்துக்கொண்டால், அச்சாற்றில் இருப்பது 3 மில்லிகிராம். அதாவது 100 மில்லிலிட்டருக்கு 60 மில்லிகிராம்.

சாயத்துக்குப் பதிலாக அயோடினையும் மாக்கஞ்சியையும் கொண்டு சோதிப்பதும் உண்டு. செலவு குறைவாதலின் பள்ளிக்கூடங்களில் இதுவே வழக்கம். எலுமிச்சைக்கு இது போதும், நெல்லிக்கு நம்பத்தக்கதன்று. நெல்லியிலுள்ள துவர்ப்புச்சத்தும் அயோடினை ஏற்றுக்கொள்வதால், இல்லாத வைட்டமினும் கணக்கில் ஏறிவிடும். அமிலத்தில் கலந்து சாயத்தால் விரைந்து சோதித்தால் இப்பிழை பெரிதும் குறையும். ஆனால் அத்துவர்ப்புச்சத்தைக் குறை கூறுவதற்கில்லை. அதுவே ஸி வைட்டமினை அழியாது காக்கிறதென்று சென்னைச் சர்வகலாசாலையில் ஆராய்ந்த தாமோதரன், நாயர் என்னும் இருவர் 1938-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1940-ஆம் ஆண்டில் ஹிஸ்ஸார் ஜில்லாவில் பஞ்சத்தின்போது ஸ்கர்வி நோய் கண்டவர்களுக்கு நெல்லி கொடுக்கப்பட்டதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைகளில், 100 கிராமுக்கு நெல்லிக்காயில் 600, கொய்யாவில் 212, ஆரஞ்சில் 30 மில்லிகிராம் எனக் காண்கிறது. இவை காய்க்குரிய எண்கள். நீர் சேர்த்த சாற்றுக்குப் பொருந்தா.

சோதனைக்கு அனுப்புவோர் ஒரே மரத்துக் காயைப் பொறுக்காமல், தோட்டமெங்குமிருந்து காய்களை எடுத்துக் கலந்து அனுப்புதல் வேண்டும். சாறாகவே அனுப்ப நேர்ந்தால், பிழிந்தவுடன் அமிலத்தில் சேர்த்துக் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி மூடிவிட வேண்டும். செப்புப் பாத்திரம் கூடவே கூடாது. செம்பு பட்டால் ஸி வைட்டமின் விரைவில் அழியும்.